எதிராளி வராத வருஷம்

போன ஆடி மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டி முதலமடைக்குப் போகிற வழியில், மாந்தோப்புகளுக்கு நடுவில் வீடு. அக்கா பையன் கோவையில் மெக்கானிக்கல் படிக்கிறான். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் எந்தப் பந்தயம் நடந்தாலும் அங்கே நிற்பான், கார் என்றால் அவ்வளவு உயிர். என் போனில் பல வருஷமாக ஒரே படம்தான் இருக்கிறது: நீல நிறம், நடுவில் இரண்டு வெள்ளைக் கோடு, நீண்ட மூக்கு, வால் மட்டும் கத்தியால் வெட்டியது போலத் தட்டையாக முடியும் ஒரு கார். ஷெல்பி டேடோனா கூப்பே, 1964-65-ல் ஓடிய கூரை மூடிய அமெரிக்கப் பந்தயக் கார். அதைப் பார்த்ததும் அவன் சொன்னான், "இது வாக்கோவர்ல ஜெயிச்ச வண்டி மாமா. 65-ல ஃபெராரி ஜி.டி. டீமே வரல. ஆளில்லாத களத்துல ஓடி சாம்பியன் ஆனது."

தப்பாகச் சொல்லவில்லை. படித்துவிட்டுத்தான் சொல்கிறான். ஜி.டி. என்பது தெரு வண்டிகளுக்கான பந்தயப் பிரிவு. ஆனால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திரும்பி வரும்போது பைக்கில் முழு வழியும் அந்த ஒரு வார்த்தைதான் ஓடியது. வாக்கோவர். ஏனென்றால் இதே பேச்சை முப்பது வருஷத்துக்கு முன்னால் கோவிந்தாபுரத்தில் ஒரு சாயாக் கடையில், என் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நான் கேட்டிருக்கிறேன். "எதிராளி வராத வருஷம் வாங்குன கோப்பை தானுங்களே" என்று ஒருத்தர் சிரித்துக்கொண்டே சொன்னார். அப்பா பதில் சொல்லவில்லை, மிச்சச் சாயாவைக் குடித்துவிட்டு எழுந்தார். அது எங்கள் ரேக்ளா மாட்டு வண்டி பந்தயத்தில் வாங்கிய கோப்பையைப் பற்றிய பேச்சு.

இரண்டையும் ஒன்றாக வைத்து யோசிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துக் காற்று

காரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் காற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் இந்தக் கார் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேராக வீடு இருப்பவர்களுக்கு இது புரியும். ஆனியும் ஆடியும் வந்தால் மேற்கிலிருந்து வருகிற காற்று வாழையை முறிக்கும், ஓட்டைத் தூக்கும். பள்ளிக்கூட நாளில் பொள்ளாச்சிக்குச் சைக்கிளில் போகும்போது மிதிக்கவே வேண்டாம், காற்றே தள்ளிக்கொண்டு போய் விடும். திரும்பி வருகிற வழிதான் வேதனை. குனிந்து, முழங்கையை உள்ளே இழுத்து, தாடையை ஹாண்டில் பாரில் வைத்து மிதித்தால் வண்டி நகரும். நிமிர்ந்தால் நின்றுவிடும். கால் அதே கால்தான், பலமும் அதே பலம்தான். உடம்பை எப்படி வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

1963-ல் அமெரிக்கப் பந்தயக்காரர் கரோல் ஷெல்பியின் கோப்ரா வண்டிக்கு நேர்ந்தது இதுதான். இங்கிலாந்து ஏ.சி. கம்பெனியின் இலகுவான சட்டத்தில் ஃபோர்டின் 4.7 லிட்டர் வி8 எஞ்சினைப் போட்டது அந்தக் கோப்ரா. வளைவு நெளிவான குட்டைத் தடங்களில் அதைப் பிடிக்க ஆளில்லை. ஆனால் அது கூரையில்லாத வண்டி, நிமிர்ந்து உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிள்காரன் மாதிரி. பிரான்ஸின் லெ மான் போல நீண்ட நேர்சாலை உள்ள ஐரோப்பியத் தடங்களில் மணிக்கு 160 மைலைத் தொட்டதும் காற்று சுவராகிவிடும். ஃபெராரி 250 ஜி.டி.ஓ. மூன்றே லிட்டர் எஞ்சினை வைத்துக்கொண்டு 180 மைலில் தாண்டிப் போகும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், அதைச் சமாளிக்கத் தேவையான பலமோ எட்டு மடங்காகும். பெரிய எஞ்சின் போட்டுத் தீர்க்கிற கணக்கில்லை இது.

அதைச் சரியாகப் பார்த்தவர் பீட்டர் பிராக். ஷெல்பி சம்பளம் கொடுத்து வைத்த முதல் ஆள், அப்போது 27 வயசு. காற்றோட்டம் பற்றி ஜெர்மன்காரர்கள் 1930-களில் செய்த ஆராய்ச்சியைப் படித்து வைத்திருந்தார். முன்பக்கம் தாழ்ந்து, கூரை மெதுவாகச் சரிந்து, வால் சட்டென்று வெட்டுப்பட்டு முடிய வேண்டும் என்றார். பட்டறையில் இருந்த பெரியவர்கள் பலர் நம்பவில்லை. நம்பியவர்களில் முக்கியமானவர் கென் மைல்ஸ், வண்டியைச் சோதித்து ஓட்டுகிறவர். விபத்தில் அடிபட்ட பழைய கோப்ராவின் சட்டத்தை எடுத்து, சீட்டைப் போட்டு, அதில் மைல்ஸை உட்கார வைத்து, அவரைச் சுற்றித்தான் கண்ணாடியும் கூரையும் எங்கே வரவேண்டும் என்று பிராக் அளவு எடுத்தார்.

நான் பொள்ளாச்சியில் லாரி பாடி கட்டும் பட்டறையில் இருபது வருஷம் வேலை செய்தவன். மரத்தில் அச்சு அடித்து, அதன் மேல் அலுமினியத் தகட்டைத் தட்டித் தட்டி உட்கார வைத்தார்கள் என்று படித்தபோது சுத்தியல் சத்தமே காதில் கேட்டது. தகட்டு வேலை செய்கிறவனுக்குத் தெரியும், அலுமினியம் ஒரு அளவுக்கு மேல் அடித்தால் இறுகிவிடும், வெடித்துவிடும், அப்புறம் சூடுகாட்டி இளக்கினால்தான் மறுபடி வளையும். அப்படி ஒரு பொறுமையான வேலையை மூன்று மாசத்துக்குள் முடித்து, கலிபோர்னியாவில் ரிவர்சைட் தடத்துக்குக் கொண்டுபோனார்கள். 1964 பிப்ரவரி முதல் தேதி. மைல்ஸ் ஏறி ஓட்டினார். பழைய சாதனையை விட ஒரு சுற்றுக்கு மூன்றரை விநாடி குறைவு. அதே எஞ்சின், அடிப்படையில் அதே சட்டம், முக்கியமாக மாறியது மேல் தகடுதான். முதலில் வந்த அந்த வண்டிக்கு எண் சி.எஸ்.எக்ஸ். 2287.

மொத்தமே ஆறு வண்டிகள். முதலாவதுதான் அமெரிக்காவில் உருவானது. மற்ற ஐந்துக்கும் பாடி கட்டியது இத்தாலியில், மொடேனாவில். ஃபெராரி தொழிற்சாலை இருக்கிற மரனெல்லோ அங்கிருந்து கூப்பிடு தூரம். ஃபெராரியை அடிக்க வந்த வண்டிக்கு ஃபெராரி ஊர்க் கைகளே தகடு அடித்தன என்பதை எப்போது நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

பல் பார்க்கிற கணக்கு

இப்போது எங்கள் கதை. ரேக்ளா பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் இரண்டு வண்டியை ஒன்றாக விட மாட்டார்கள், ஒவ்வொன்றாக விட்டு நேரம் பிடிப்பார்கள். எந்தக் காளை எந்தப் பிரிவில் ஓடலாம் என்பதற்கு வாயைத் திறந்து பல் பார்ப்பார்கள், பல்தான் வயசுக் கணக்கு. அப்பாவிடம் ஒரு ஜோடி காங்கேயம் காளைகள் இருந்தன, இரண்டு பல் பிரிவில் ஓடினோம். எங்களுக்கு எதிராக ஆனைமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் ஓட்டி வந்தார். அவருடைய வலத்துக் காளைக்கு நாலு பல் வந்துவிட்டது என்று களத்தில் எல்லோருமே பேசிக்கொண்டார்கள். ஆனால் பெரிய இடம். கமிட்டி மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. அந்த வருஷம் அவர் ஜெயித்தார். எங்கள் வண்டி விநாடியில் பத்தில் ஒரு பங்கு பின்னால்.

அடுத்த வருஷம் கமிட்டி மாறியது. கால்நடை டாக்டரைக் கூப்பிட்டு வந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்தார்கள். அந்த மனுஷன் வேறு ஜோடி வைத்திருந்தார், அதிலும் ஒன்றுக்குப் பல் தகராறு. முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் கோபத்தில் வண்டியையே அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு முதல் பரிசு எங்களுக்கு. அந்தக் கோப்பையைத்தான் சாயாக் கடையில் அந்த ஆள் அப்படிச் சொன்னார்.

ஜி.டி. பந்தயத்தில் பல் பார்ப்பதற்கு ஹோமோலோகேஷன் என்று பெயர். இது தெரு வண்டிதான், பந்தயத்துக்கென்று ஒன்றிரண்டு செய்தது இல்லை என்று நிரூபிக்க வேண்டும். 100 வண்டி செய்திருக்க வேண்டும் என்பது உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதி. ஃபெராரி ஜி.டி.ஓ. செய்தது மொத்தமே 36-தான். எப்படி அனுமதி கிடைத்தது? அது புது வண்டி இல்லை, ஏற்கெனவே இருக்கிற 250 ஜி.டி.யின் பாடியை மாற்றிய வடிவம்தான் என்று சொல்லி அனுமதி வாங்கினார் என்ஸோ ஃபெராரி. பாடியை மாற்றலாம் என்று விதியில் இடம் இருந்தது. பிராக் பார்த்ததும் அந்த இடத்தைத்தான். ஜி.டி.ஓ. நுழைந்த அதே வழியில் கோப்ராவின் மேல்தகட்டை மாற்றிக் கூப்பேயை உள்ளே கொண்டுவந்தார்கள். ஃபெராரி திறந்து வைத்த வாசல் அது. ஃபெராரியால் அதை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

1964

என்னைப் பொறுத்தவரை இந்தக் காரின் கதை 1964-தான். 65 அதன் ரசீது.

பிப்ரவரி 16, டேடோனா, முதல் பந்தயம். 2287-ஐ ஓட்டியவர்கள் டேவ் மெக்டொனால்டும் பாப் ஹோல்பர்ட்டும். முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். டிஃபரென்ஷியல் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் வண்டியை நிறுத்திப் பெட்ரோல் போடும் பிட்டில் பெட்ரோல் சிந்தி அதன் மேல் விழ, தீப்பிடித்தது. அத்தோடு வெளியே. மார்ச் 21, செப்ரிங். அதே வண்டி, அதே இருவர், ஜி.டி. பிரிவில் முதலிடம், மொத்தத்தில் நான்காவது. மெக்டொனால்ட் மே 30-ஆம் தேதி இண்டியானபோலிஸில் வேறொரு வண்டியில் விபத்தில் இறந்துபோனார். செப்ரிங் படங்களில் அவர் முகத்தைப் பார்க்கும்போது இந்தத் தேதி நினைவுக்கு வராமல் இருக்காது.

அப்புறம் ஐரோப்பா. ஸ்பாவில் கூப்பேயை ஓட்டிய ஃபில் ஹில், வேகத்தில் வண்டியின் பின்பக்கம் லேசாகிறது, தரையில் நிற்கவில்லை என்றார். வாலில் ஒரு பட்டையைத் தூக்கி வைத்து அதைச் சரிசெய்தார்கள். எரிபொருள் கோளாறில் பந்தயம் போனாலும் அதிவேகச் சுற்று அவருடையது.

ஜூன் 20, லெ மான். இரண்டு கூப்பேக்கள். 2287-ல் கிறிஸ் ஏமனும் யோஹென் நேயர்பாஷும். ராத்திரியில் ஜி.டி. பிரிவில் முன்னால் இருந்தபோது பிட்டில் பேட்டரி இறங்கிவிட்டது, வெளியிலிருந்து இன்னொரு பேட்டரி வைத்துக் கிளப்பினார்கள். வெளி உதவி கூடாது என்பது விதி. தகுதி நீக்கம். மிச்சம் இருந்தது 2299, டான் கர்னியும் பாப் பாண்டுரன்டும். அதற்கும் ஆயில் கூலர் பழுது. கூலரை விலக்கிவிட்டு, சூட்டு முள்ளைப் பார்த்துப் பார்த்து, வேகத்தை அடக்கி விடிய விடிய ஓட்டினார்கள். 24 மணி நேரம் முடிந்தபோது முதல் மூன்று இடமும் ஃபெராரியின் புரோட்டோடைப் வண்டிகள் (பந்தயத்துக்கென்றே செய்தவை, வேறு பிரிவு), நான்காவது கூப்பே, ஐந்தும் ஆறும் ஜி.டி.ஓ.க்கள். தெரு வண்டிப் பிரிவில் ஃபெராரியை நேருக்கு நேர் நின்று, ஒரு நாள் முழுக்க ஓட்டி, அவர்களுடைய பலமான இடத்திலேயே பின்னால் தள்ளினார்கள். என் மருமகனிடம் அன்றைக்குச் சொல்ல வேண்டியிருந்தது இதைத்தான். வாயில் வரவில்லை.

அதற்கப்புறம் ரெய்ம்ஸில் இரண்டு வண்டியும் கியர்பாக்ஸ் போய் நின்றன. ஆகஸ்ட் 29 குட்வுட்டில் கர்னி மறுபடி ஜி.டி. முதலிடம். அந்த வருஷ ஜி.டி. உலகப் பட்டத்துக்கான புள்ளிகள் நெருங்கி வந்துகொண்டிருந்தன, மோன்சா பாக்கி. நீண்ட நேர்சாலை, வேகத் தடம், கூப்பேக்காகவே போட்டது மாதிரி.

அங்கேதான் பல் தகராறு வந்தது. ஜி.டி.ஓ. இனிப் போதாது என்று ஃபெராரிக்குத் தெரிந்துவிட்டது. எஞ்சினை நடுவில் வைத்த 250 எல்.எம். என்ற வண்டியை ஜி.டி. என்று ஒத்துக்கொள்ளச் சொன்னார் என்ஸோ. அதுவும் பழைய 250-இன் மாற்று வடிவம்தான் என்ற அதே வாதம். எஞ்சின் டிரைவருக்கு முன்னால் இருந்த வண்டியும் பின்னால் இருக்கிற வண்டியும் ஒன்றா? எஃப்.ஐ.ஏ. இந்த முறை வாயைத் திறந்து பார்த்தது, முடியாது என்றது. 250 எல்.எம். கடைசிவரை செய்ததே 32 வண்டிகள்தான். என்ஸோவுக்கு வந்த கோபம் சாதாரணமில்லை. தன் இத்தாலியப் பந்தய லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். அந்த வருஷக் கடைசி இரண்டு ஃபார்முலா ஒன் பந்தயங்களில் ஃபெராரிகள் சிவப்பை விட்டுவிட்டு அமெரிக்க டீமின் நீல வெள்ளை நிறத்தில் ஓடின. ஜான் சர்டீஸ் உலக சாம்பியன் ஆனது அந்த நிறத்தில்தான்.

மோன்சா ஜி.டி. பந்தயம் சாம்பியன்ஷிப் கணக்கிலேயே இல்லாமல் போனது. கூப்பேக்கள் ஓடவேண்டிய ஓட்டம் நடக்கவில்லை. பட்டியலை மூடியபோது ஃபெராரிக்கு 84.6 புள்ளி, ஷெல்பிக்கு 78.3. ஃபெராரி சாம்பியன்.

இதை எத்தனை தடவை படித்தாலும் என் நினைப்பு ஒரே இடத்தில் போய் நிற்கும். 65-ல் ஃபெராரி வரவில்லை, அதனால் அது வாக்கோவர் என்றால், 64-ல் நடக்காமல் போன அந்தப் பந்தயத்துக்கு என்ன பெயர்? ஓடாமல் தப்பித்தவர்கள் என்று ஃபெராரியை யாரும் சொல்வதில்லை. கோப்பை அவர்களிடம் இருப்பதால் கேள்வி எழவில்லை. எங்கள் பக்கத்திலும் நாலு பல்லோடு ஓடி ஜெயித்தவரைப் பார்த்து அந்தச் சாயாக் கடையில் யாரும் சிரிக்கவில்லை.

ரசீது வந்த வருஷம்

65-ஐச் சீக்கிரம் சொல்லிவிடலாம். எல்.எம். ஜி.டி. ஆகவில்லை என்பதால் ஃபெராரி தொழிற்சாலை ஜி.டி. பிரிவில் முழு மூச்சாக இறங்கவில்லை. கூப்பேக்களை ஐரோப்பாவில் இங்கிலாந்தின் ஆலன் மான் டீம் பார்த்துக்கொண்டது. டேடோனா, செப்ரிங், மோன்சா, நூர்பர்க்ரிங் என்று வரிசையாக ஜி.டி. வெற்றி. ஜூலை 4, ரெய்ம்ஸ் 12 மணி நேரம், பாண்டுரன்டும் ஜோ ஷ்லெஸரும் ஓட்டிய 2601 ஜி.டி.யில் முதலில் வந்தது. பெரிய ஜி.டி. பிரிவின் உலகப் பட்டம் உறுதியானது. அமெரிக்கக் கம்பெனி ஒன்று அதை வாங்கியது அதுதான் முதல் தடவை, அதுவும் அவர்கள் சுதந்திர தினத்தில்.

ஆனால் அதே வருஷ லெ மானில் நடந்ததைப் பாருங்கள். கூப்பேக்களில் ஒன்றுதான் கடைசிவரை நின்றது, எட்டாவது இடம். ஜி.டி. பிரிவில் ஜெயித்தது பெல்ஜிய டீம் ஒன்று ஓட்டிய ஃபெராரி 275 ஜி.டி.பி., மொத்தத்தில் மூன்றாவது. ஆக, களம் முழுக்கக் காலியாகவும் இல்லை. பட்டம் கிடைக்காத வருஷத்தில் ஜி.டி.ஓ.க்களை அடித்து நான்காவது வந்த வண்டி, பட்டம் கிடைத்த வருஷத்தில் எட்டாவது. ஏட்டில் 1965 என்றுதான் எழுதியிருக்கிறது. வண்டியின் நல்ல ஓட்டம் அதற்கு முந்தின பக்கத்தில் இருக்கிறது.

2287 அந்த நவம்பரில் பான்னவில் உப்புப் பாலைக்குப் போய் இருபதுக்கும் மேற்பட்ட வேகச் சாதனைகளை வைத்துவிட்டு ஓய்ந்தது. அப்புறம் விற்றுவிட்டார்கள். பழைய பந்தயக் கார் அன்றைக்கு யாருக்கு வேண்டும்? கைமாறிக் கைமாறி ஒரு கிடங்கில் பல வருஷம் தூசியில் கிடந்து, 2000-க்குப் பிறகு வெளியே வந்து, இப்போது ஃபிலடெல்ஃபியாவில் சிமியோன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 2014-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் முதல் வண்டியாக இதைச் சேர்த்தார்கள். புதுசாக்காமல், பட்ட தழும்போடு வைத்திருக்கிறார்கள். தகட்டு வேலைக்காரனாக அவர்களுக்கு நான் கும்பிடு போடுகிறேன். ஒடுக்கு எடுத்து, பட்டி போட்டு, பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தால் 64 அதிலிருந்து போயிருக்கும்.

இவ்வளவும் மனசில் சுற்றியதால் போன வாரம் அப்பாவிடம் உட்கார்ந்தேன். எழுபத்தெட்டு வயசு, காது கொஞ்சம் மந்தம். பரணில் இருந்த கோப்பையை இறக்கித் துடைத்து அவர் முன்னால் வைத்தேன். அதைப் பார்த்தார், தொடவில்லை. "அந்த மொத வருசம், தோத்த வருசம், நம்ம வண்டி எத்தனை செகண்டுங்கப்பா?" என்று சத்தமாகக் கேட்டேன். கேட்டு முடிக்கும் முன்னால் சொன்னார், "பதினாறு புள்ளி ரெண்டு. அவனுது பதினாறு புள்ளி ஒண்ணு. செவலை கடைசி அம்பது மீட்டர்ல காதை மடிச்சுட்டு போச்சு கண்ணு, நீ சின்னப் பையன், வேலி மேல உக்காந்திருந்த." ஐந்து நிமிஷம் அந்த ஓட்டத்தைச் சொன்னார், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பது வரை.

"சரி, ஜெயிச்ச வருசம்?"

யோசித்தார். தலையைச் சொறிந்தார். "அன்னிக்கு மழை பேஞ்சு தடம் சொதசொதன்னு கெடந்துச்சு. மெதுவாத்தான் போச்சு. எத்தனைன்னு தெரீலியே. கோப்பையில போட்டிருப்பான், பாரு."

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஊர் பேரும் வருஷமும் முதல் பரிசு என்பதும் வெட்டியிருந்தது. நேரம் போடவில்லை.